சிறந்த நாயகியின் கோரைப்பல்

"வாயை நல்லாத் திறங்க. இன்னும் கொஞ்சம்."

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். கடைவாய்ப்பல் ஒன்றில் மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது.

"புது விரிசலா இருக்கே. கல்லு ஏதாவது கடிச்சீங்களா?"

நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மாள் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்ப பல்லை இறுக்கிக் கடிச்சிருக்கீங்க. ரொம்ப நேரம். நேத்தா?"

அம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டே ஆமென்று தலையசைத்தார்.

டாக்டர் ஊசி போட்டு, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டினார். மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும். எதிரே ஒரு ஆள் இருக்கிறார், காது திறந்திருக்கிறது, பதில் சொல்ல வாய் இல்லை. நம் டாக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வீட்டில் அவர் கருத்துச் சொல்லத் தடை. முந்தின நாள் டிவி விருது விழாவை அவர் அலசிய அலசலில், மனைவி ரிமோட்டோடு எழுந்து போய்விட்டாள். "உங்க கருத்தையெல்லாம் பேஷண்ட்டுங்ககிட்ட சொல்லுங்க. அவங்களாலதான் எழுந்து ஓட முடியாது."

பேஷண்ட் இருந்தால்தானே. நேர் எதிர்ப்புறம் மாமனாரின் பல் கிளினிக். அங்கே ஜனங்கள் இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அதில் உதவி டாக்டராக இருந்தவர்தான் இவர். "கொஞ்சம் பேச்சைக் குறைங்க மாப்பிள்ளை" என்று மாமனார் நாலு பேர் முன்னால் சொல்லப்போக, ரோஷம் வந்து எதிரிலேயே தனிக்கடை போட்டார். "மூணு மாசம் பார்ப்போம். ஆள் வரலேன்னா திரும்ப வந்துடுங்க. மூணாவது நாற்காலி சும்மாதான் கிடக்கு," என்றார் மாமனார். அந்த மூன்று மாதம் வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. அந்த மூன்றாவது நாற்காலி இருக்கும் பக்கம் டாக்டர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த வாரத்தின் முதல் பேஷண்ட் இந்த அம்மாள்தான். முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். "கூட்டமில்லாத இடமா வேணுமாம் டாக்டர். அதான் நம்மகிட்ட வந்திருக்காங்க," என்று நர்ஸ் சொன்னாள்.

"நேத்து விருது விழா பார்த்தீங்களா?" டாக்டர் ஆரம்பித்தார். "சிறந்த நாயகின்னு யாருக்குக் கொடுத்தாங்க தெரியுமில்ல? அறுநூறு எபிசோடா அழுதுக்கிட்டே இருக்கே, அந்தம்மாவுக்கு. கல்யாணம்னாலும் அதே அழுகை, சாவுன்னாலும் அதே அழுகை. அழுறதுக்கு விருதுன்னா, என்கிட்ட வர்ற குழந்தைங்க எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு கொடுக்கணும்."

அம்மாள் "ம்ம், ம்ம்" என்றார். கண்கள் பளபளத்தன.

"மேடைக்கு வந்தப்பவாவது சிரிச்சாங்களா? கர்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டே நின்னாங்க. ஒரு பல்லாவது தெரியணுமே."

அம்மாள் அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். பிறகு போனை எடுத்து ஏதோ வேகமாகத் தட்டினார். இப்படி ஒரு ரசிகை அமைவது பெரிய விஷயம் என்று டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. சந்தோஷத்தில் விளக்கை இழுத்து வாய்க்கு நேரே வைத்தார்.

அப்போதுதான் அந்தக் கோரைப்பல்லைப் பார்த்தார்.

மேல் வரிசையில், பக்கத்துப் பல்லின் தோளில் கை போட்ட மாதிரி லேசாக ஏறி நின்றது. டாக்டருக்கு முகம் மறந்துவிடும். சொந்த மைத்துனனையே கடைத்தெருவில் யாரோ என்று தாண்டிப் போனவர். ஆனால் ஒரு பல்லைப் பார்த்தால் பார்த்ததுதான். இந்தப் பல்லை அவர் நேற்று பார்த்திருக்கிறார். சிறந்த நாயகியின் பெயரை வாசித்து அரங்கம் கைதட்டியபோது, டிவி திரை முழுக்கச் சிரித்த வாயில் இதே கோரைப்பல்.

டாக்டர் விளக்கைச் சற்று விலக்கி முகத்தைப் பார்த்தார். மேக்கப் இல்லை, கன்னம் வேறு வீங்கியிருக்கிறது. பல் மட்டும் பொய் சொல்லாது.

'போச்சு. கண் பளபளத்தது கோபத்துல. கையைக் குலுக்கினது நிறுத்துடான்னு சொல்றதுக்கு. போன்ல தட்டினது ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு.' அவர் மனக்கண்ணில் மூன்றாவது நாற்காலி வந்து நின்றது.

"அதாவது மேடம்," என்றார். "ஊர்ல நாலு பேர் அப்படிச் சொல்றாங்கன்னு சொன்னேன். என் கருத்து வேற. அந்த அழுகை இருக்கே, அது சாதாரண அழுகையா? அவங்களுக்குக் கொடுத்ததுதான் நியாயம்."

அம்மாளின் புருவம் சுருங்கியது. நம்பவில்லை போலிருக்கிறது. சாட்சி வேண்டும்.

"சிஸ்டர், காலையில அந்த நடிகையைப் பத்தி நான் என்ன சொன்னேன்? மேடம்கிட்ட சொல்லுங்க."

நர்ஸ் சீரியல் பார்க்கிறவள் இல்லை. பொய் சொல்கிறவளும் இல்லை. "அந்த விருதை அவங்க கர்சீப்புக்குக் கொடுத்திருக்கலாம், அதுதான் உழைச்சதுன்னு சொன்னீங்க டாக்டர்."

அம்மாளின் தோள்கள் குலுங்கின. ஐயோ, அழ ஆரம்பித்துவிட்டார் என்று டாக்டர் பதறினார்.

"நீ வெளியில போம்மா," என்று நர்ஸை விரட்டிவிட்டு, உறை மாட்டுவதற்காகப் பல்லை அராவும் கருவியை எடுத்தார். கை பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்தது. வாய்தான் பள்ளத்தைத் தோண்டிக்கொண்டே போனது.

"மேடம், கடைசியில போட்டி ரெண்டு பேருக்கு நடுவுலதானே? இன்னொரு அம்மா யாரு? போலீஸ் வேஷம் போட்டவங்க. அதெல்லாம் ஒரு நடிப்பா? அந்த சீரியல்ல நடிச்சதே கஞ்சி போட்ட யூனிஃபார்ம்தான். உள்ள இருந்த அந்தம்மா சும்மா கூடவே நடந்து போனாங்க."

அம்மாள் அசையாமல் கிடந்தார். அமைதியாகிவிட்டார், வழிக்கு வருகிறார் என்று டாக்டருக்குத் தெம்பு வந்தது. இன்னும் ஒரு படி போனார்.

"அவங்களைப் போட்டியில சேர்த்ததே தப்பு மேடம். பேரு வாசிக்கிற வரைக்கும் நமக்குத்தான்னு உட்கார்ந்திருந்திருப்பாங்க பாருங்க, அந்த ஆசையை நினைச்சா எனக்குச் சிரிப்பா வருது."

அம்மாளின் கண்ணோரம் நீர் கோத்து, காதுப் பக்கமாக வழிந்தது.

"வலிக்குதா? இன்னொரு ஊசி போடட்டுமா?"

வேண்டாமென்று கையை ஆட்டினார். தற்காலிக உறையை மாட்டி முடித்ததும் விருட்டென்று எழுந்தார். மரத்த வாயால் பேச முடியவில்லை. மேசையிலிருந்த மருந்துச் சீட்டை இழுத்து எழுதினார்: 'மீதியை எதிர் கிளினிக்கில் பார்த்துக்கொள்கிறேன்.'

"மேடம், ஒரு நிமிஷம். நான் உங்களைப் புகழ்ந்துதானே..."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்விட்டார். மாமனாரின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். உள்ளேயிருந்து மாமனாரே வாசலுக்கு வந்து கைகூப்பினார். அப்படியே நிமிர்ந்து, தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ற மாப்பிள்ளையையும் ஒரு பார்வை பார்த்தார்.

டாக்டருக்கு, இத்தனை தூரம் தாங்கிப் பேசியும் மனசு இறங்கவில்லையே என்று அங்கலாய்ப்பாக இருந்தது.

அம்மாள் விட்டுப்போன கறுப்புக் கண்ணாடியை எடுக்க அவருடைய டிரைவர் உள்ளே வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு போனைக் காட்டினார்.

"ஒண்ணும் புரியல டாக்டர். அரை மணி முன்னாடி, 'இவர்தான் இனிமே நம்ம டாக்டர், ஷூட்டிங் யூனிட்ல எல்லாரையும் இங்கேயே கூட்டிட்டு வா'ன்னு மெசேஜ் போட்டாங்க. இப்ப தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டுப் போறாங்க."

"நான் நல்லதாத்தான்பா சொன்னேன்."

"என்னத்தைச் சொன்னீங்களோ. நேத்து விருது கைவிட்டுப் போயி, இன்னொருத்தங்க பேரை வாசிச்சப்பகூடப் பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிச்ச முகமா உட்கார்ந்திருந்தவங்க டாக்டர் அவங்க."