கிரைண்டரில் சுற்றிய சூரியக் குடும்பம்

அம்மா இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சூரியக் குடும்பம் பிடிபட்டது. நடுவில் ஒன்று, சுற்றிலும் மற்றதெல்லாம். இதைவிட என்ன வேண்டும்?

அப்போது பத்தாம் வகுப்பு. சிங்காநல்லூரில் எங்கள் பள்ளிக் கண்காட்சியில் ஜெயிப்பவருக்குச் சென்னைக் கண்காட்சியில் இடம். போவது நான்தான் என்று வகுப்பு முழுக்க முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். (அடக்கமெல்லாம் பிற்பாடு வந்தது.)

அம்மாவிடம் கெஞ்சிக் கிரைண்டரை வாங்கிப் போனேன். குழவியை எடுத்துவிட்டு, தொட்டியின் நடுவே ஒரு கம்பி நட்டேன். அதன் உச்சியில் பித்தளைச் சொம்பு, அதுதான் சூரியன். சொம்பின் கழுத்திலிருந்து எட்டு சணல் கயிறுகள். வியாழனுக்குத் தேங்காய், பூமிக்கு எலுமிச்சை, சனிக்கு வளையல் மாட்டிய பீட்ரூட்.

சுவிட்சைப் போட்டதும் கயிறுகள் விறைத்து, கோள்கள் ஜம்மென்று சுற்றின. நடுவராக வந்த கல்லூரி இயற்பியல் பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, புதனும் சனியும் ஒண்ணாவே சுத்தி முடிக்குதுங்களே?"

"தூரத்துல இருந்து பார்த்தா அப்படித்தாங்க தெரியும்."

"புதனுக்கு எம்பத்தெட்டு நாளுங்க. சனிக்கு இருபத்தொம்பது வருசத்துக்கு மேல."

சென்னை கைநழுவுவது தெரிந்தது. "சனியை மட்டும் மெதுவாக்கிடறேனுங்க" என்று விரலை நீட்டினேன்.

(சனியை யாராவது தானாகப் போய்த் தொடுவார்களா?)

கயிறுகள் பின்னிக்கொண்டன. வியாழனின் கயிறு அறுந்தது. தேங்காய் பறந்துபோய்த் தலைமையாசிரியையின் காலடியில் விழுந்து உடைந்தது.

எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். பள்ளி ஆயாதான் குனிந்து பார்த்தார். "சாமிக்கு ஒடச்சதாட்டம் சரிபாதியா ஒடஞ்சிருக்குதுங்க. நல்ல சகுனமுங்க."

பேராசிரியர் சிரிக்காமல் சொன்னார்: "அம்மணி, உங்க மாதிரியில ஒண்ணே ஒண்ணு சரியா நடந்துதுங்க. கயிறு அறுந்ததும் வியாழன் வளையாம நேராப் போச்சு. சூரியன் இழுக்கலைன்னா எல்லாக் கோளும் அப்படித்தான் போயிருமுங்க."

பக்கத்து மேசை எரிமலைதான் சென்னைக்குப் போனது. வியாழன் மறுநாள் எங்கள் வீட்டில் சட்னியானது. இன்றும் இட்லித் தட்டோடு உட்கார்ந்தால் அப்பா, "அம்மணி, வியாழன் இன்னுங் கொஞ்சம் போடு" என்பார்.

இப்போது பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதக் கண்காட்சிக்குப் பல்சக்கரங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கோளுக்கும் தனி வேகம், பாதைகூட வட்டமில்லை, நீள்வட்டம். படத்தை அம்மாவிடம் விரித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இந்தவாட்டி வியாழன் எந்தப் பக்கமாப் போய் உழுகும் கண்ணு? நான் அங்க பாத்திரத்தோட நின்னுக்கறேன்."