தங்கள் காய்ச்சலுக்காகச் செய்த அண்டா

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஆடி மாதம், 1957

சைகோனில் இருக்கும் அன்பும் கண்டிப்பும் மிகுந்த மச்சான் ராஜாங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்வாம்பாளின் கணவன் தெய்வசிகாமணி வணங்கி எழுதுவது. மாரியம்மன் தயவில் இங்கே எல்லோரும் சுகம். தங்களுக்குக் காய்ச்சல் விட்டது என்று கடிதம் கண்டு மிக்க ஆனந்தம். அந்தக் காய்ச்சல் இங்கே எங்களைப் படுத்திய பாட்டையும் தாங்கள் அறிய வேண்டும்.

தாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செல்வாம்பாள், "எங்க அண்ணன் எழுந்து நடந்தா ஆடியில ரெண்டு அண்டா கூழ் தளும்பத் தளும்ப ஊத்துறேன்" என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வீட்டில் இருப்பது ஒரே அண்டா. அதில் இரண்டு தடவை காய்ச்சுவானேன், இரட்டிப்பாக ஒரே அண்டா செய்துவிட்டால் ஒரே கொதியில் வேண்டுதல் தீர்ந்துவிடுமே என்று எனக்குத் தோன்றியது. மில்லில் என்னைக் கெட்டிக்காரன் என்பார்கள், அதுதான் வினை. பாத்திரம் அடிக்கும் ஆதிமூலத்திடம் போனேன். பழைய அண்டா நாற்பது சென்டிமீட்டர் அகலம், அதே உயரம். "அகலத்த ரெட்டிக்கிறதா, ஒசரத்தையா?" என்று கேட்டான். "ரெண்டையுந்தான். ஒண்ண மட்டும் ரெட்டிச்சா பாக்க நல்லாவா இருக்கும்?" என்றேன். அவனும் தலையை ஆட்டிவிட்டான்.

சனிக்கிழமை காலை அண்டா மாட்டுவண்டியில் வந்தது. வாசற்படிக்குள் நுழையவில்லை. தெருவிலேயே இறக்கிவைத்து, அளவு பார்க்கலாம் என்று பழைய அண்டாவால் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். இரண்டு ஊற்றினோம், கால்வாசிக்கு வந்து நின்றது. ஓட்டையோ என்று அடியைத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. விடாமல் ஊற்றினோம். எட்டாவது அண்டாத் தண்ணீர் விளிம்பைத் தொட்டு அப்படியே நின்றது மச்சான், ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

எதிர்வீட்டு வசந்தா, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், தன் மாமனார் காப்பிக்குப் போடும் சர்க்கரைக் கட்டிகளை எடுத்து வந்தாள். ஒரு கட்டியை வைத்தாள். "நீளத்த ரெட்டிச்சா ரெண்டு. அகலத்தையும் ரெட்டிச்சா நாலு. ஒசரமும் சேர்ந்தா எட்டுண்ணே" என்று அடுக்கிக் காட்டினாள். அண்டாவுக்கும் தரையில் சாக்குக்கட்டியால் கணக்குப் போட்டாள். வட்டத்தின் பாதி அகலத்தை அதே பாதியால் பெருக்கி, மூன்றே சொச்சத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் பழையது ஐம்பது லிட்டர், புதியது நானூறு. பூசணிக்காய்க்கும் இப்படியா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நெல் அம்பாரத்துக்கு? அதற்கும் எட்டுதான். என் மகள் கமலா உயரத்தில் எனக்குப் பாதி. அப்படியானால் எனக்குள் எட்டுக் கமலா. சாப்பாட்டில் அது சரியாகத்தான் இருக்கிறது. உலகம் முழுக்க இந்த எட்டு ஒளிந்திருக்கிறது, நாமோ இத்தனை நாள் சும்மா நடமாடிக்கொண்டிருந்தோம்.

ஆனால் எங்களிடம் இருந்த கேழ்வரகு மாவு பழைய அளவில் இரண்டு அண்டாவுக்குத்தான். செல்வாம்பாள் உட்கார்ந்துவிட்டாள். "தளும்ப ஊத்துறேன்னு சொன்னேன். கால்வாசி ஊத்துனா எங்க அண்ணனுக்கு முக்கால்வாசி காய்ச்சல் திரும்பிடாதா?" என்று அழுதாள். சாப்பிடவும் மறுத்தாள். பழைய அண்டாவிலேயே இரண்டு தடவை காய்ச்சிவிடலாமே என்றால், அம்மனுக்கென்று செய்த அண்டாவை ஒதுக்கக் கூடாதாம். தண்ணீர் விட்டு நிரப்பலாமே என்றதற்கு அவள் பார்த்த பார்வையை எழுத முடியாது. பிறகு நானே சொம்பை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன். மில்லில் கூட வேலை செய்கிறவர்கள், என்னோடு பேச்சுவார்த்தை நின்றுபோன கொளஞ்சி உட்பட, ஆளுக்கொரு படி மாவு தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தெரு நடுவில் கல் அடுக்கி அடுப்பு மூட்டினோம். அத்தனை கூழைக் கிண்ட எந்தக் கரண்டியும் எட்டவில்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து மீன்பிடிக்கும் கன்னியப்பன் தன் படகுத் துடுப்பைத் தோளில் சுமந்து வந்து, கடலைத் தள்ளுகிற மாதிரி நின்று கிண்டினார். கூழ் விளிம்புக்கு வந்து தளும்பியது. முத்தியால்பேட்டை முழுவதும் குடித்தது. செல்வாம்பாள் கடைசி ஆளாகக் குடித்துவிட்டு, "எங்க அண்ணன் பொழச்சுக்கிச்சு" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. வேண்டுதல் முழுதாகத் தீர்ந்தது, எல்லாம் சுபமாய் முடிந்தது.

தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் அம்மன் நோய்நொடியில்லாமல் காக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் செல்வாம்பாள் வந்து, "ஒரு அண்டா ஊத்தியாச்சுன்னு எழுதுங்க" என்றாள். இரண்டுக்கு எட்டாகவே ஊற்றிவிட்டோமே என்று சர்க்கரைக் கட்டி அடுக்கிக் காட்டினேன். "நான் வேண்டிக்கிட்டது ரெண்டு அண்டா. ஊத்துனது ஒண்ணு. சாமிக்கு மொதல்ல பெருசா வச்சிட்டு அப்புறம் சின்னதா வைப்பாங்களா?" என்றாள். அடுத்த ஞாயிறு இதே அண்டாவில் இன்னொன்று. ஆகையால் மேலே முடிந்தது என்று எழுதியதைத் தாங்கள் படிக்க வேண்டாம்.