பாத்திரம் கழுவாத சதிகாரர்கள்

சென்னையில் பெரிய குண்டுவெடிப்பு எதுவும் நடக்காமல் இருப்பதற்கு மந்தைவெளி வீட்டுப் புரோக்கர் 'என்கொயரி'தான் காரணம். இதைச் சொன்னவரும் என்கொயரிதான். மறுக்கும் தகுதி எனக்கு இல்லை. தலைமைச் செயலகத்தில் பாதுகாப்புக் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எங்கே குண்டு வெடித்தாலும், 'மிகுந்த விழிப்புடன் இருக்கவும்' என்று எல்லா மாவட்டங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புவோம். அப்புறம் எதுவும் நடக்காவிட்டால், சுற்றறிக்கை வேலை செய்தது என்று கோப்பை மூடுவோம்.

என்கொயரியின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. வீடு தேடி வருகிறவரை அவர் துருவுவதைப் பார்த்தால் போலீஸ்காரர்களே நோட்ஸ் எடுப்பார்கள். "மாமியார் வருவாங்களா? வந்தா போவாங்களா?" ஒரு வங்கி மேலாளர் இவரிடம் தன் பழைய காதலை ஒப்புக்கொண்டு அழுதுவிட்டு, வீடே வேண்டாம் என்று ஓடினார்.

ஒருநாள் டீக்கடைத் தொலைக்காட்சியில், தீவிரவாதிகள் ஏன் மறுபடி பெரிதாகத் தாக்கவில்லை என்று நிபுணர்கள் அலசிக்கொண்டிருந்தார்கள். உளவுத்துறை என்றார் ஒருவர். பணவரத்து நின்றது என்றார் இன்னொருவர்.

"இன்னா சார் பேசறானுங்க?" என்றார் என்கொயரி. "பெரிய வேலைன்னா நாலு பேர் ஒரே வூட்ல மாசக்கணக்குல ஒண்ணா கீணும். பேச்சிலர் பசங்களுக்கு எத்தினி வூடு புடிச்சுக் குட்த்துகீறேன்! பாத்திரம் யார் கழுவறதுன்னு அடிச்சிக்கினு மூணாம் மாசமே காலி பண்ணிடுவானுங்க. தீவிரவாதி மட்டும் இன்னா, துன்னுட்டுத் தூக்கிப் போட வாழை இலையோட பொறந்தானா?"

"அப்போ முன்னாடி நடந்ததெல்லாம்?" என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த வூட்ல எவனோ ஒருத்தன் வாயைத் தொறக்காம கழுவிகீறான் சார்."

அதன் பிறகுதான் எங்கள் கட்டடத்துக்கு அன்வரை அழைத்து வந்தார். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள். மனைவி நஸ்ரீனும் கூட வந்திருந்தாள், நிறைமாதம். என் எதிர்வீட்டு சுந்தரத்துக்குச் சொந்தமான மாடி வீடு காலியாக இருந்தது.

சுந்தரம் என்னை ஓரமாக அழைத்தார். "நல்லவாளாத்தான் தெரியறா. ஆனா நாளைக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா யார் பதில் சொல்றது?" இதை அவர் ரகசியம் என்று நினைத்த குரலில் சொன்னார்.

"போன்ல காலியா இருக்கிற வீடு என் பேரைச் சொன்னதும் போயிடும் சார்," என்றார் அன்வர். "இங்கே நேர்ல வந்து பார்த்த பிறகு போகுது. அந்த வரைக்கும் சந்தோஷம்."

நஸ்ரீன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். குடித்தனக்காரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்தால் போதும், விதி அவ்வளவுதான் என்று சுந்தரத்திடம் சொன்னேன். விதியைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. அதற்காகவே எனக்குப் பென்ஷன் தருகிறார்கள்.

என்கொயரி முன்னால் வந்தார். "பாய், வூட்ல பாத்திரம் யார் கழுவறது?"

"நான்தான்," என்றார் அன்வர்.

"நீங்களா?" நஸ்ரீன் நிமிர்ந்தாள். "ஒரு டம்ளரைக் கழுவிட்டு ஊரெல்லாம் சொல்லுவீங்க!"

"அடிபிடிச்ச பால் பாத்திரத்தை நேத்து யார் தேய்ச்சது?"

"அடிபிடிக்க விட்டது யாரு? பொங்குற பாலை விட்டுட்டு கிரிக்கெட் பார்த்தது யாரு?"

வீடு பார்க்க வந்ததையே இருவரும் மறந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து சுந்தரத்தின் மனைவி ஒரு நாற்காலியுடன் வந்தாள். "எங்காத்துலயும் இதே கதைதான்டி. நீ நாற்காலில உக்காந்துண்டு பேசு."

"பாத்துக்கினீங்களா மாமா?" என்றார் என்கொயரி. "ஒரு பால் பாத்திரத்துக்கே ரெண்டு பேர் ஒத்துப் போவல. இவங்களா சதி பண்ணப் போறாங்க?"

சுந்தரம் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து வந்தார்.

என்கொயரி இப்போது இல்லை. எந்த விசாரணையும் இல்லாமல் ஆட்கள் குடிவருகிறார்கள். மாலையில் மாடி வீட்டில் பாத்திரம் உருளும். "இன்னிக்கு உங்க முறை!" என்று நஸ்ரீனின் குரல் கேட்கும். ஊர் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டும் போலிருக்கும்.