கல்லுக்குக் கடற்காற்றைப் பழக்கியவர்

செலவைக் குறைப்பதுதான் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் மளிகைக் கடையோடு நின்றுகொள்ள வேண்டியவர்கள். செலவை வளர்ப்பது கலை. அதையும் சர்க்கார் பணத்தில், சர்க்கார் கையெழுத்தோடு, சர்க்காரே நன்றி சொல்லும்படி வளர்ப்பது தெய்வீகக் கலை. சுதந்திரம் வந்த நாலாம் வருஷம் அந்தக் கலை ராயபுரத்தில் ரகுபதி என்பவரிடம் வந்து குடியேறியது.

ரகுபதி, அங்கே கல்மண்டபம் பகுதியில் இருந்த ஸ்ரீ கெங்கம்மா கட்டுமானக் கம்பெனியின் 'திட்ட நிதி அதிகாரி'. அவருக்கு மேலே முதலாளி ராமதாஸ். கீழே ஒரு நாற்காலி. அந்த வருஷம் திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவர் கட்டும் வேலை கம்பெனிக்குக் கிடைத்தது. நிபந்தனை எளியது. ஆகிற செலவு முழுவதையும் சர்க்கார் கொடுக்கும். அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து கம்பெனிக்கு லாபம்.

ரகுபதி அப்போது பக்குவப்படாதவர். பல்லாவரத்துக் கல்லை லாரியில் நேரே குப்பத்துக்குக் கொண்டுபோனால் பாதிச் செலவில் வேலை முடியும், ஐப்பசி மழைக்கு முன்பே சுவர் எழும்பிவிடும் என்று கணக்குப் போட்டு, சந்தோஷமாக முதலாளியிடம் நீட்டினார். ராமதாஸ் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"ஏன்யா ரகுபதி, நான் உனக்கு இன்னா கெடுதல் செஞ்சேன்?"

நூறு ரூபாய் செலவானால் பத்து ரூபாய் லாபம். ஐம்பதில் முடித்தால் ஐந்துதான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். சிக்கனம் என்பது முதலாளி வயிற்றில் அடிப்பதற்கு இன்னொரு பெயர் என்பது ரகுபதிக்கு விளங்கியது. அவருடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஞானோதயத்துக்கு அது போதும்.

புதிய திட்டத்தில் கற்கள் பல்லாவரத்திலிருந்து முதலில் ராயபுரம் கிடங்குக்கு வந்தன. அங்கே 'தரம் பிரிக்க'ப்பட்டு, குப்பத்தைத் தாண்டி எண்ணூருக்குப் போயின. எண்ணூரில் ஒரு மாதம் தங்கி, திரும்பிக் குப்பத்துக்கு வரவேண்டும். ஒவ்வொரு தடவை ஏற்றி இறக்கும்போதும் கல்லின் விலை ஏறியது. எடை மட்டும் ஏறவில்லை.

ஆலோசனைக் கூட்டத்தில் சர்க்கார் என்ஜினீயருக்கு ஒரு சந்தேகம் வந்தது. குப்பத்தைத் தாண்டிப் போய்த் திரும்புவானேன் என்று கேட்டார்.

"மலையில் பிறந்த கல், சார்," என்றார் ரகுபதி. "கடலையே பார்த்ததில்லை. எண்ணூரில் உப்புக்காற்றுப் பழக்கம் கொடுத்துத்தான் இறக்க வேண்டும்."

என்ஜினீயர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, ஒரு மாதம் போதுமா என்று கேட்டார். இரண்டு மாதமாகத் தீர்மானம் நிறைவேறியது. கிடங்கு வாடகையிலும் நூற்றுக்குப் பத்து உண்டு. ராமதாஸ் அன்றைக்கு எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை, கோவிந்தம்மா மீன் கூடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். ரகுபதி வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுப்பவள். அந்தக் குப்பத்தில் கடலைப் பார்த்த முதல் வரிசையில் அவள் வீடு.

"கல்லு லாரி எங்க குப்பத்தாண்டதான் போவுது நைனா. நிறுத்தாம போயிகினே கீது. நாலு கல்லாவது இறக்கிட்டுப் போவச் சொல்லேன்."

அந்தக் கற்கள் இன்னும் பழகவில்லை என்று ரகுபதி சொன்னார்.

"கல்லு பழவுற வரைக்கும் கடலு நிக்குமா?"

அதற்கு எஸ்டிமேட்டில் இடமில்லை. மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தால் அவள் கொடுத்த வஞ்சிரத்தில் வைத்த குழம்பு. முதலாளியைப் பார்த்து, ஒரு பத்து லாரியையாவது நேரே குப்பத்தில் இறக்கச் சொல்லிவிடுவது என்று எழுந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் வேலை நிரந்தரமான உத்தரவு கைக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

ஐப்பசியில் கடல் வந்தது. முதல் வரிசை ஒரே நாளில் போயிற்று. கார்த்திகைக்குள் மற்ற வரிசைகளும் போயின. உயிர்ச்சேதம் இல்லை, ஜனங்கள் சட்டி பானையோடு வியாசர்பாடிப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டார்கள். கற்கள் எண்ணூரில் சுகமாக இருந்தன.

வேலை நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் சுவரின் நீளம், அகலம், உயரம் எல்லாம் எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் வீடு இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. தை மாதம் சுவர் எழுந்தது. அழகான சுவர்.

திறப்பு விழாவில் பெரிய அதிகாரி ஒருவர் பேசினார். இந்தச் சுவர் கட்டிய நாளிலிருந்து கடல் ஒரு வீட்டைக்கூடத் தொடவில்லை என்று அவர் புள்ளிவிவரத்தோடு சொன்னபோது பந்தல் அதிரக் கைதட்டினார்கள். ரகுபதிக்கு ரோஜா மாலை விழுந்தது.

மாலையோடு இறங்கி வந்தவர், சுவரோரம் நின்ற கோவிந்தம்மாவைப் பார்த்துவிட்டார். பார்க்காதது போலப் போக வழியில்லை. சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தார்.

அவள் சுவரின் மேல் கையை வைத்து, ஒருமுறை அந்தப் பக்கமும் ஒருமுறை இந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஷோக்காத்தான் கீது நைனா. அந்தாண்ட கடலு, இந்தாண்ட வெறும் மணலு. நடுவுல நின்னுகினு இது எத்த காப்பாத்துது?"

எதற்கும் உடனே கணக்குச் சொல்லக்கூடியவர் ரகுபதி. இதற்கும் விடை அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

'நூற்றுக்குப் பத்தை' என்று வாய்விட்டுச் சொல்ல மட்டும் முடியவில்லை.