வாய்க்காலை அடைத்த போடியார்

கல்முனையில் திருத்தம் காக்காவைப் போல ஒரு துரதிர்ஷ்டசாலி பேனையைத் தொட்டதே கிடையாது. நிருபராக இருந்த காலத்தில் அவர் ஒரு செய்தி எழுதினால் அடுத்த நாள் மறுப்பு வரும். அதற்கடுத்த நாள் திருத்தம் போடுவார். திருத்தம் என்ற பெயர் அப்படி வந்ததுதான்; காக்கா என்றால் எங்களூரில் அண்ணன். கடைசியில், கூட்டத்துக்கு வந்த அரசியல்வாதியை விட்டுவிட்டு, வராதவரை வந்ததாக எழுதிவிட்டார். வந்தவரும் ஏசினார், வராதவரும் ஏசினார். மனுஷன் நிருபர் அட்டையை அலுமாரிக்குள் எறிந்தார்.

"இனிச் சின்னப் புள்ளைகளுக்குச் சரித்திரக் கதைதான் தம்பி. முன்னூறு வருஷத்துக்கு முந்தி மௌத்தாகி மண்ணுக்குள்ள போனவன் மறுப்பு அனுப்பமாட்டான்தானே?"

எழுதினார். ஒல்லாந்தர் ஆண்ட காலத்துக் கதை. போடியார் எனும் பெரிய வயல்காரர் ஒருவர் வாய்க்காலை அடைத்துவைக்கிறார்; ஒரு சின்னப் பெண் அணையை உடைத்து ஏழைகளின் வயலுக்குத் தண்ணீர் விடுகிறாள். வெளியீட்டு விழாவுக்குப் பொன்னாடை போர்த்த வந்தவர்கள்தான் கூட்டம். மருந்துக்கும் ஒரு பிள்ளை இல்லை.

"ஒரேயொரு புள்ள வாசிச்சாப் போதும் தம்பி" என்றார் என் காதுக்குள்.

அந்தக் கிழமையே ஊர் வாட்ஸ்அப் குழு கொதித்தது. ஒரு குடியை, அதாவது ஒரு தாய்வழி வம்சத்தைச் சேர்ந்தவர்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள்.

"எங்கட குடிப் போடியாரக் கள்ளன் எண்டு எழுதியிருக்கீங்க!"

"தம்பிமார், அப்பிடி ஒரு ஆளே இல்ல. என்ட கற்பனை."

"எங்கட குடியில பொறந்தவர ஆளே இல்ல எண்டு வேற சொல்றீங்களோ?"

பழைய புத்தி போகுமா? இருந்த பிரதிகளிலெல்லாம் வாய்க்காலை அடைக்கும் பக்கத்தின் மேல் திருத்தத் துண்டு ஒட்டினார்: இன்ன குடியைச் சேர்ந்த போடியார் தாராள மனத்தோடு வாய்க்காலைத் திறந்துவிட்டார். அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிய வேறொரு குடியைச் சேர்ந்தவர்கள் வாசலில்.

"இவ்வளவு நல்ல மனுஷன் எங்கட ஆள். அவங்களுக்கு எப்பிடிக் குடுத்தீங்க?"

துண்டுக்கு மேல் துண்டு; அந்தப் பெண் அணையை உடைக்கும் பக்கத்துக்கும் ஒன்று. முதல் அத்தியாயத்திலேயே தண்ணீர் பாய்ந்துவிட்டதால் கதாநாயகிக்கு மிச்சப் புத்தகம் முழுக்க வேலையில்லை. சும்மா வயல் வரம்பில் நடந்து திரிந்தாள். இதை எந்தப் பிள்ளை வாசிக்கும்? புத்தகப் பொதிகள் கட்டிலுக்கடியில் போயின.

"முன்னூறு வருஷத்துக்கு முந்திக்கூட ஒரு கெட்டவன வெக்க இந்த ஊருல இடமில்ல. எனக்கு இந்த எழுத்தே வாணாம் தம்பி."

அதன்பிறகு கடற்கரையே கதியென்று கிடந்தார். சலாம் சொன்னால் பதில் வரும், வேறு கதை வராது.

இப்படியிருக்க, அவர் துண்டு ஒட்டி எனக்குத் தந்த பிரதியை என் சின்ன மகள் எடுத்திருக்கிறாள். பெரியவர்கள் எதையோ ஒட்டி மறைத்திருக்கிறார்கள் என்றதும் பிள்ளைக்கு இருப்புக்கொள்ளுமா? தண்ணீர் தொட்டு உரித்துவிட்டாள். புத்தகம் வகுப்பு முழுக்கச் சுற்றி, மட்டை கழன்று வந்து சேர்ந்தது. விஷயம் தெரிந்ததும் புத்தகமும் கையுமாக அவளை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"பெரியவாப்பா, போடியார் மெய்யாவே வாய்க்காலத் திறந்தாரா?"

காக்கா வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இல்ல மகள். அவன் கள்ளன். அந்தப் புள்ளதான் உடைச்சா."

"தெரியும். எங்கட வகுப்புல எல்லாரும் வாசிச்சிட்டம்."

காக்கா அந்தக் கிழிந்த புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். திருப்பித் தரவேயில்லை. நாங்களும் கேட்கவில்லை, அவரிடம் போய் யார் கேட்பார், பாவம் மனுஷன்.