பேர் வெட்டிய வீல்கப்

பாத்திரக்கடையில் பேர் வெட்டிய சக்கரத்தோடு ஓடும் கார் இந்த உலகத்திலேயே ஒன்றுதான். அதைச் செய்தவர் தருமபுரியில் எங்கள் எதிர்வீட்டு வைண்டிங்காரர். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். அவருடைய சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

தன் பழைய அம்பாசிடரைத் துடைத்த அளவுக்கு அவர் தன் முகத்தைத் துடைத்ததில்லை. ஒரே குறை, சக்கரத்தின் நடுவை மூடும் வீல்கப் எல்லாம் தொப்பூர் கணவாயில் ஒவ்வொன்றாகக் கழன்று உருண்டு போயிருந்தன. மகள் கவிதாவுக்கு அரூரில் மாப்பிள்ளை முடிவானது. அவர்கள் ஏசி கார் அனுப்புவதாகச் சொன்னதும் இவர் சிலிர்த்துக்கொண்டார்.

"எம் புள்ள என் வண்டியிலதான் போவும்!"

"போறேம்ப்பா. ஆனா மொட்டச் சக்கரத்தோட வந்தீன்னா ஏற மாட்டேன்" என்றாள் கவிதா.

கடை கடையாக அலைந்தார். கிடைத்ததெல்லாம் நசுங்கல். "வூட்லயே செஞ்சிர்றேன் தம்பி" என்று எவர்சில்வர் தட்டுகளோடு வந்து இறங்கினார். அன்றோடு என் மத்தியானத் தூக்கம் ஒழிந்தது. மரக்கட்டைமேல் தட்டைக் கவிழ்த்து டங்கு டங்கென்று அடித்தார். ஒன்று கிழிந்தது, ஒன்று கோணிக்கொண்டது. மனிதர் அசரவில்லை. மறுபடி வாங்கினார், மறுபடி அடித்தார். கடைசியில் நடுவில் ஓட்டை போட்டு நட்டு வைத்து முறுக்கினார். எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள, தூக்கம் கெட்ட நான்.

நாலும் தகதகவென்று மின்னின. அப்போதுதான் பார்த்தேன்.

"என்னங்கண்ணா, எல்லாத்துலயும் கவிதான்னு பேர் வெட்டியிருக்கு?"

"கடக்காரன் பேர் வெட்டணுங்களான்னு கேட்டான் தம்பி. தட்டு வாங்கிட்டு வெட்டாம எப்பிடி வர்றது?"

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா சக்கரத்தருகே குனிந்தார்.

"பொண்ணு பேரு போட்டிருக்குதே! அப்ப இது சீர்த் தட்டுங்க. கழட்டிக் குடுங்க, எங்க வூட்டுக்கு வரோணும்."

வைண்டிங்காரர் சக்கரத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "மொட்டச் சக்கரத்துல எம் புள்ளய அனுப்ப மாட்டனுங்க."

"அப்ப எங்க ஏசி காரு நிக்குதில்ல, அதுல வரட்டும்."

வைண்டிங்காரர் முகம் செத்துப்போனது. பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. கவிதா விறுவிறுவென்று போய் அம்பாசிடரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"சீருன்னா வண்டியோடவே வாங்கிக்கங்க அத்தை. கழட்ட வுட மாட்டேன்."

வைண்டிங்காரர் அரூர் வரை தானே ஓட்டிப்போய் மகளை இறக்கினார். சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் பையில் ஸ்பேனரோடு அரூர் பஸ் ஏறுகிறார். கேட்டால், "நட்டு லூசாயிருக்கும் தம்பி, முறுக்கிட்டு வந்துர்றேன்" என்பார். அந்த நட்டு ஏழு ஜென்மத்துக்கும் லூசாகாது, பிடித்துக்கொண்டவன் நான். ஆனாலும் சொல்ல மாட்டேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கவிதாவும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் நாலு நட்டையும் அவளே கொஞ்சம் தளர்த்தி வைத்துவிடுகிறாளாம்.