முழங்காலின் வயது

ஞானேஸ்வரனுக்கு வலது முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. மாடிப்படியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டே கீழே வந்தான். லண்டனுக்கு வந்த புதிதில் பத்து வருடம் சீமெந்து மூட்டை சுமந்த கால். இப்போது அவன் சுரங்கப்பாதை வேலைத்தளத்தில் மேலாளர். வருடச் சம்பளம் ஒரு லட்சம் பவுண். இந்த முறை பன்னிரண்டாயிரம் போனஸ் வேறு. காலுக்கு அதெல்லாம் தெரியவில்லை.

குசினி மேசையில் கம்பனிக் கடிதம் கிடந்தது. நாளை வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் பதில் போகவேண்டும். போனஸை வரி வெட்டாமல் பென்சனில் போடுவதா, வரி வெட்டிக் கையில் எடுப்பதா?

"கையில எடுத்து ஐசா சேமிப்பில போடுவம்," என்றான். "நினைச்ச நேரம் எடுக்கலாம். பிறகு வரியும் இல்லை."

மனைவி ஜெயகௌரி தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தாள். "லட்சத்துக்கு மேல வாற காசில நூறுக்கு அறுபத்திரண்டு வெட்டுவாங்கள். உங்கடை பன்னிரண்டாயிரத்தில மிஞ்சிறது நாலாயிரத்து ஐந்நூற்றி அறுபது. விசரே உங்களுக்கு? பென்சன் எண்டால் முழுசும் உள்ளுக்குப் போகும். எடுக்கேக்கை வரி கட்டினாக் காணும்."

"அது ஐம்பத்தேழு வயசு மட்டும் பூட்டெல்லோ?"

"பூட்டிக் கிடக்கட்டும். கையில கிடந்தால் மனோர் பார்க் சனம் முழுக்கக் கைமாத்துக் குடுத்துத் திரிவியள். உங்களுக்கு நாற்பத்தெட்டு. இன்னும் ஒன்பது வருசம்தானே?"



நாற்பத்தெட்டு என்பது பாஸ்போட்டின் வயது. அவனுடைய வயது ஐம்பத்தைந்து. முப்பத்தொரு வருடத்துக்கு முன் அவனைக் கூட்டிவந்த ஏஜென்ட், "பதினேழு எண்டு சொல்லு, சின்னப் பெடியனைத் திருப்பி அனுப்பமாட்டாங்கள்" என்று ஏழு வருடத்தை ஒரேயடியாக வெட்டிவிட்டான். பென்சன்காரன் பாஸ்போட்டைத்தான் நம்புவான். பூட்டுத் திறக்கும்போது இவனுக்கு அறுபத்துநாலு. இதை யாரிடமும் சொன்னதில்லை. கலியாணம் பேசியபோதுகூட, பாஸ்போட் தேதிக்கு ஒரு சாதகம் எழுதுவித்துப் பெண் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லித் தாய்க்குக் காசு அனுப்பியிருந்தான். உண்மை வெளியே வந்தால் பாஸ்போட் போகும், வேலை போகும், ஜெயகௌரியும் போவாள். எது முதலில் போகும் என்பதுதான் தெரியவில்லை.

"அதுவரைக்கும் நான் இருப்பனோ தெரியாது," என்று வாய் தவறி விழுந்துவிட்டது.

ஜெயகௌரியின் முகம் வெளிறியது. "என்னப்பா, நெஞ்சு நோவுதோ?"

"நெஞ்சில்லை! முழங்கால்!"

"முழங்காலுக்கு ஆரும் சாகிறதோ? என்னட்டை என்னத்தை மறைக்கிறியள்?"

மறுநாள் காலை எட்டு மணிக்கே போன் போட்டு டொக்டரிடம் இடம் பிடித்துவிட்டாள்.

போகிற வழியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வேலை செய்ய ஏலாத நோய் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தால் பென்சனை முன்கூட்டியே திறக்கலாமாம். ஆகவே ஒரு மடங்கு நொண்டலை மூன்று மடங்காக்கிக்கொண்டு உள்ளே போனான்.

டாக்டர் ரஞ்சனா தமிழ்நாட்டுக்காரி. காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். உள்ளே கரகரவென்று மா அரைக்கும் சத்தம் கேட்டது.

"நாற்பத்தெட்டுன்னா போட்டிருக்கு? அறுபதை நெருங்கின மூட்டு மாதிரி இருக்கே சார். எக்ஸ்ரே எடுத்து ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்புறேன். படத்துல எல்லாம் தெரிஞ்சிடும்."

எல்லாம்! எலும்பில் தன் பிறந்த தேதி அச்சடித்துக் கிடப்பதுபோல் ஞானேஸ்வரனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"வேண்டாம் டொக்டர்! இப்ப நோவே இல்லை. பாருங்கோ!" என்று எழுந்து தோப்புக்கரணம் போட்டான். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் கீழே போனவன் மேலே வரவில்லை. டாக்டரும் ஜெயகௌரியும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"அவசரம்னே எழுதிடறேன்," என்றார் டாக்டர்.

மாலை நாலேமுக்கால். ஜெயகௌரி லப்டொப்பைத் திறந்து வைத்திருந்தாள். அவளுடைய தகப்பன் பத்மநாதன் வழக்கம்போல் சோபாவில் சாய்ந்து, வாய் திறவாமல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பென்சனுக்கு டிக் பண்ணப்போறன்."

"நில்லும்!" ஞானேஸ்வரன் கையை நீட்டி மறித்தான். "எனக்கு நாற்பத்தெட்டு இல்லை. ஐம்பத்தஞ்சு."

பிறகு நிறுத்த முடியவில்லை. ஏஜென்ட், பாஸ்போட், பொய்ச் சாதகம் எல்லாம் கொட்டுண்டன. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். அறை விழுமா, அழுகை கேட்குமா?

டிக் என்று மவுஸின் சத்தம்தான் கேட்டது. ஜெயகௌரி பென்சனுக்கே அனுப்பிவிட்டு லப்டொப்பை மூடினாள்.

பத்மநாதன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"தம்பி, உங்கடை அம்மா அண்டைக்கே உண்மைச் சாதகத்தைத்தான் எங்களுக்கு அனுப்பினவ, மாப்பிள்ளைக்கு வயசு கூட எண்டு சீதனத்தில அஞ்சு லட்சம் குறைச்சுத்தான் பேசி முடிச்சம், பிறகு உங்கடை தங்கச்சியின்ரை கலியாணத்துக்கெண்டு அந்தக் குறைச்ச காசையும் கைமாத்தா வாங்கினவ, அந்த அஞ்சு லட்சம் எனக்கு இன்னும் வரவேணும்."